குப்பியிலிருந்து செல் வரை: ரீகாம்பினன்ட் சைட்டோகைன்களோடு வேலை தொடங்குபவர்களுக்கு

புதிதாக வந்த சைட்டோகைன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே எதுவுமே இருப்பதாகத் தெரியாது. 10 மைக்ரோகிராம் புரதம் உலர்ந்துபோய் குப்பியின் அடியிலோ சுவரிலோ மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். சில நேரம் மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வீதம் போட்டால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒரு லிட்டர் மீடியத்துக்கு, அதாவது செல்களை வளர்க்கும் திரவத்துக்கு, போதும்.

இவ்வளவு சிறிய அளவில் வேலை செய்வது சைட்டோகைனின் பலம். ஆய்வகத்தில் அதுவே பெரிய தொல்லை. நானோகிராம் அளவில் வேலை செய்யும்போது ட்யூபின் சுவரில் ஒட்டிப் போகும் புரதம்கூடக் கணக்கில் வரும். பாக்டீரியாவிலிருந்து கூடவே வந்த மாசு பிகோகிராம் அளவில் இருந்தாலும் கணக்கில் வரும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும்: செல்லில் நீங்கள் பார்த்த மாற்றத்தை அந்தப் புரதம்தான் செய்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? குப்பியை வாங்குவதிலிருந்து முடிவை எழுதுவது வரை ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்வதுதான்.

சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் சிறிய புரதங்களின் பொதுப்பெயர். இன்டர்லூக்கின்கள் (சுருக்கமாக ஐஎல்), இன்டர்ஃபெரான்கள், டிஎன்எஃப் குடும்பம், ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள், செல்களை இடம்பெயரச் செய்யும் கீமோகைன்கள் எல்லாம் இதில் அடங்கும். இன்டர்ஃபெரானை 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் விவரித்தபோது கையில் இருந்தது ஒரு திரவக் கலவைதான். அதற்குப் பிறகும் வெகுகாலம், தூண்டப்பட்ட செல்கள் வளர்ந்த மீடியத்தை எடுத்து இன்னொரு செல்லின் மேல் ஊற்றித்தான் ஆய்வு நடந்தது. அந்த மீடியத்தில் பத்து விதப் புரதங்கள் இருக்கும், எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஐஎல்-2-இன் மரபணு 1983-இல் குளோன் செய்யப்பட்டது. அதுபோல ஒவ்வொரு மரபணுவாகக் கைக்கு வந்த பிறகுதான் ஒரே ஒரு புரதத்தைத் தனியாகச் சேர்த்துப் பார்க்க முடிந்தது. இப்படி மரபணுவை வேறொரு செல்லில் வைத்துத் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் புரதத்தின் மதிப்பு அந்தத் தனிமையில்தான் இருக்கிறது. கவனக்குறைவாகக் கையாண்டால் நாம் மறுபடியும் பழைய கலவைக்கே போய்விடுவோம்.

முதல் படி: வாங்கும் முன் டேட்டா ஷீட்டைப் படியுங்கள்

பெயரும் விலையும் பார்த்து ஆர்டர் போடுவது வழக்கமாகிவிட்டது. டேட்டா ஷீட்டில் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் எந்த உயிரினத்தின் புரதம் என்பதைப் பாருங்கள். எலி செல்லுக்கு மனிதப் புரதம் வேலை செய்யுமா என்பதற்குப் பொது விதி கிடையாது. மனித ஐஎல்-2 எலி செல்லில் நன்றாக வேலை செய்யும், எலி ஐஎல்-2 மனித செல்லில் சரியாக வேலை செய்யாது. ஐஎல்-6-க்கும் இதே ஒருவழிப் பாதைதான். இன்டர்ஃபெரான்-காமா, ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-4 ஆகியவற்றில் மனிதனுக்கும் எலிக்கும் இடையே இரண்டு பக்கமும் கதவு மூடியிருக்கிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபா இன்னும் நுட்பமானது. சைட்டோகைனைப் பிடித்துக்கொள்ளும் செல் பரப்புப் புரதம்தான் ஏற்பி. மனித டிஎன்எஃப் எலியின் முதல் ஏற்பியோடு சேரும், இரண்டாவது ஏற்பியோடு சேராது. அதாவது எலி செல்லில் மனித டிஎன்எஃப் போட்டால் விளைவு வரும், ஆனால் அது பாதி விளைவு. ஃப்ரீசரில் இருக்கிறதே என்று மாற்றிப் போட்டு, வந்த வித்தியாசத்துக்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பது இங்கேதான் நடக்கிறது.

அடுத்து எதில் தயாரித்தது என்று பாருங்கள். இ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தால் மலிவு, அளவும் நிறைய கிடைக்கும். ஆனால் பாக்டீரியா புரதத்தில் சர்க்கரைச் சங்கிலிகளைச் சேர்க்காது. புரதம் பல நேரம் மடிப்பு குலைந்த கட்டிகளாகச் சேரும், அதைக் கரைத்து மீண்டும் மடிக்க வேண்டும். கூடவே எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா மாசும் வரும். ஐஎல்-2, ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்றவற்றுக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும் செல் வளர்ப்பில் குறை தெரியாது. ஐஎல்-12 மாதிரி இரண்டு வெவ்வேறு சங்கிலிகள் சேர்ந்து உருவாகும் புரதத்துக்கு ஹெச்இகே 293, சிஎச்ஓ போன்ற பாலூட்டி செல்களிலோ பூச்சி செல்களிலோ தயாரித்ததுதான் நல்லது. ஆய்வின் நடுவில் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அதைப் புதிய பொருளாகவே கருதுங்கள்.

புரதத்தின் தொடக்கம் எந்த அமினோ அமிலம், டேக் (தூய்மை செய்ய வசதியாகச் சேர்க்கும் சிறு துண்டு) ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு அமினோ அமிலம் எவ்வளவு செய்யும் என்பதற்கு ரான்டெஸ் என்கிற சிசிஎல்5 கீமோகைன் நல்ல உதாரணம். பாக்டீரியாவில் தயாரித்தபோது தொடக்கத்தில் மெத்தியோனின் ஒன்று நீங்காமல் நின்றுவிட்டது. அந்த ஒரு கூடுதல் அமினோ அமிலத்தால் புரதம் ஏற்பியைத் தூண்டுவதை விட்டுவிட்டு அதைத் தடுக்கும் பொருளாகவே மாறிப்போனது. 1996-இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு அந்த மெட்-ரான்டெஸையே தடுப்பானாக ஆய்வுகளில் பயன்படுத்தினார்கள். கீமோகைன் வாங்கும்போது தொடக்க வரிசையைக் கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக கேரியர் புரதம். பல குப்பிகளில் சைட்டோகைனோடு மாட்டு ஆல்புமின், அதாவது பிஎஸ்ஏ, சேர்த்தே வரும். ஒரு மைக்ரோகிராம் சைட்டோகைனுக்கு 50 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ என்பது வழக்கமான விகிதம். செல் வளர்ப்புக்கு இதுதான் நல்லது, புரதம் சுவரில் ஒட்டாது, நாள்பட இருக்கும். புரதத்தின் மேல் சாயம் ஏற்றப் போகிறீர்கள், அல்லது மணிகளோடு பிணைக்கப் போகிறீர்கள் என்றால் கேரியர் இல்லாததை வாங்குங்கள். இல்லாவிட்டால் சாயம் முழுக்க பிஎஸ்ஏ மேல்தான் ஏறும்.

இரண்டாம் படி: எடையும் யூனிட்டும்

நானோகிராம் என்பது எடை. செல்லுக்கு எடை தெரியாது, ஏற்பியைப் பிடிக்கும் நல்ல மூலக்கூறு எத்தனை என்பதுதான் தெரியும். ஒரே எடையுள்ள இரண்டு குப்பிகளில் ஒன்றில் பாதிப் புரதம் மடிப்பு குலைந்து கிடக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் ஒரு செல் சோதனை வைத்திருக்கிறார்கள். ஐஎல்-2-க்கு சிடிஎல்எல்-2 செல்களின் பெருக்கம். டிஎன்எஃப்-க்கு ஆக்டினோமைசின்-டி சேர்த்த எல்929 செல்களின் சாவு. ஜிஎம்-சிஎஸ்எஃப்-க்கு டிஎஃப்-1 செல்கள், அவை அது இல்லாமல் வாழாது.

இந்தச் சோதனையில் உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவுதான் இடி50. டேட்டா ஷீட்டில் இடி50 ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்று இருந்தால், 10 லட்சத்தை 0.5-ஆல் வகுங்கள். ஒரு மில்லிகிராமில் 20 லட்சம் யூனிட் என்று வரும். கணக்கு சுலபம். ஆனால் அந்த யூனிட் அந்த நிறுவனத்தின் சோதனையில், அந்த செல்லில், அன்று கிடைத்தது. இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டோடு அதை நேராக ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டுமென்றால் உலக சுகாதார அமைப்பின் சர்வதேசத் தரத்தோடு அளந்த ஐயூ என்கிற சர்வதேச யூனிட்தான் வேண்டும்.

பழைய கட்டுரைகளைப் படித்து அதே அளவைப் போட நினைப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். ஐஎல்-2-ஐ ஒரு காலத்தில் சீட்டஸ் நிறுவனத்தின் யூனிட்டில் எழுதினார்கள். ஒரு சீட்டஸ் யூனிட் 6 ஐயூ-வுக்குச் சமம். "மில்லிலிட்டருக்கு 100 யூனிட்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது 100 ஐயூ-வா 600 ஐயூ-வா என்பது அந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியைத் தோண்டினால்தான் தெரியும். மருந்தாக வரும் ஐஎல்-2-இல் 1.1 மில்லிகிராம் 1.8 கோடி ஐயூ-வாகக் கணக்கிடப்படுகிறது. அதாவது ஒரு நானோகிராம் சுமார் 16 ஐயூ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு இடத்தில் உதவும்.

மூன்றாம் படி: திறப்பதும் கரைப்பதும்

மூடியைத் தொடும் முன் குப்பியைச் சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் சுற்றுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் படலம் அடியில் வந்து சேரட்டும். இந்த அரை நிமிடத்தைத் தாண்டிக் குதித்தால் வாங்கியதில் ஒரு பகுதி மூடியோடு குப்பைத் தொட்டிக்குப் போய்விடலாம்.

எதில் கரைப்பது என்பதைப் பழக்கத்தால் முடிவு செய்யாதீர்கள். பல சைட்டோகைன்கள் தூய நீரிலோ பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலிலோ கரையும். ஐஎல்-2 நீரை விலக்கும் தன்மை கொண்டது, அதற்குப் பல தயாரிப்பாளர்கள் 100 மில்லிமோலார் அசெட்டிக் அமிலத்தைச் சொல்வார்கள். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணிக்கு 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிஎஸ்ஏ சேர்த்துக் கரைப்பது வழக்கம். நடுநிலை பிஹெச்சில் நேரடியாகக் கரைக்கப் போனால் அது திரண்டுவிடும் அல்லது சுவரில் ஒட்டிவிடும். டேட்டா ஷீட் என்ன சொல்கிறதோ அதையே செய்யுங்கள். ஒரே பெயருள்ள புரதத்துக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சொல்லும், ஏனென்றால் அவர்கள் உலர்த்தும்போது சேர்த்த உப்பும் சர்க்கரையும் வேறு வேறு.

செறிவு ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 10 மைக்ரோகிராம் குப்பி என்றால் 100 மைக்ரோலிட்டர் போதும். திரவத்தைச் சுவரை ஒட்டி மெதுவாக விடுங்கள், குப்பியைச் சாய்த்துச் சுழற்றி எல்லாச் சுவரையும் நனையுங்கள், அப்புறம் அறை வெப்பநிலையில் 10 அல்லது 15 நிமிடம் சும்மா விடுங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம். பைப்பெட்டால் நுரை கிளப்புவதும் வேண்டாம். காற்றும் திரவமும் சந்திக்கும் பரப்பில் புரதத்தின் மடிப்பு குலையும், நுரை என்றால் அந்தப் பரப்பு பல மடங்கு பெருகும். கரைத்த பிறகு வடிகட்டியில் விட்டுக் கிருமி நீக்கலாம் என்றும் தோன்றும். இவ்வளவு சிறிய அளவை வடிகட்டினால் வடிகட்டியே புரதத்தை வாங்கிக்கொள்ளும். கிருமி நீக்கிய கரைப்பானை எடுத்து, ஹூடுக்குள் வைத்துத் திறந்து கரைப்பதுதான் வழி.

நான்காம் படி: பிரித்து வைப்பது

கரைத்த அன்றே சிறு அலிக்வாட்களாக, அதாவது தனித்தனி ட்யூபில் சிறு பங்குகளாக, பிரித்துவிடுங்கள். உறைந்து உருகுவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேலைத்திறனைத் தின்னும், எவ்வளவு என்பது புரதத்துக்குப் புரதம் மாறும். ஒரு அலிக்வாட் ஒரு சோதனைக்கு என்று வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை. அதற்காக 2 மைக்ரோலிட்டர் அளவில் பிரிக்காதீர்கள். அளவு சுருங்கச் சுருங்க, இருக்கும் புரதத்துக்குச் சுவர்ப்பரப்பு அதிகம், ஆவியாகிப் போவதும் அதிகம். 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ட்யூப் பாலிப்ரோப்பிலீனாக, புரதம் குறைவாக ஒட்டும் வகையாக இருக்கட்டும். பாலிஸ்டைரீன் வேண்டாம்.

கேரியர் இல்லாத புரதத்தைச் செல் வளர்ப்புக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நீர்த்து வைக்கும் கரைசலில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ சேருங்கள். அந்த பிஎஸ்ஏ-வும் எண்டோடாக்சின் குறைந்த தரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுத்தமான சைட்டோகைனில் நாமே மாசைக் கலந்ததாகிவிடும். நீண்ட நாளுக்கு மைனஸ் 80 டிகிரி. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், அது அவ்வப்போது உள்ளுக்குள் சூடாகி மறுபடியும் குளிரும்.

ஒவ்வொரு ட்யூபிலும் புரதத்தின் பெயர், உயிரினம், செறிவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), கரைத்த தேதி. "ஐஎல்-4" என்று மட்டும் எழுதிய ட்யூப் மூன்று மாதம் கழித்து யாருக்கும் பயன்படாது. மனிதனுடையதா எலியுடையதா என்று எழுதியவருக்கே நினைவிருக்காது.

ஐந்தாம் படி: நீர்த்தல் கணக்கு

மேலே செய்த கரைசல் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் 100 நானோகிராம். 10 மில்லிலிட்டர் மீடியத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் வேண்டுமென்றால் மொத்தம் 200 நானோகிராம், எனவே 2 மைக்ரோலிட்டர். சரி, மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் வேண்டுமென்றால்? ஒரு மில்லிலிட்டருக்கு 0.001 மைக்ரோலிட்டர் என்று வரும், எந்தப் பைப்பெட்டும் அதை எடுக்காது. இடையில் ஒரு கரைசல் வேண்டும். 100 மடங்கு நீர்த்து மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் செய்துகொள்ளுங்கள், அதிலிருந்து படிப்படியாக இறங்குங்கள். இந்த இடைக் கரைசலைச் சேமிக்க வேண்டாம், அன்றே செய்து அன்றே முடியுங்கள்.

96 குழித் தட்டில் வேலை என்றால் ஒரு எளிய பழக்கம்: செல்களை 100 மைக்ரோலிட்டரில் போடுங்கள், சைட்டோகைனை வேண்டிய செறிவைப் போல் இரண்டு மடங்காகத் தயார் செய்து இன்னொரு 100 மைக்ரோலிட்டராகச் சேருங்கள். எல்லாக் குழியிலும் ஒரே அளவு திரவம் சேரும், நன்றாகக் கலக்கும். அடர்ந்த கரைசலில் ஒரு துளியைக் குழியின் ஓரத்தில் விட்டால் அந்த ஓரத்து செல்கள் மட்டும் சில நிமிடம் அதீதச் செறிவில் நனையும்.

ஆறாம் படி: எவ்வளவு, எவ்வளவு நேரம்

வேறொருவர் கட்டுரையில் இருக்கும் அளவை அப்படியே எடுத்துக்கொள்வது தொடக்கத்துக்குப் பரவாயில்லை. அதோடு நின்றுவிடக் கூடாது. உங்கள் செல்லில், உங்கள் லாட்டில், ஒரு முறையாவது செறிவு வளைவு வரையுங்கள். மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமில் தொடங்கி மூன்று மடங்காக இறங்குங்கள்: 100, 33, 11, 3.7, 1.2, 0.4, 0.14, கடைசியில் பூஜ்யம். 100 மைக்ரோலிட்டரை எடுத்து 200 மைக்ரோலிட்டரில் கலந்துகொண்டே போனால் இது வந்துவிடும். வளைவு மேலே தட்டையாகும் இடம், பாதியில் ஏறும் இடம் இரண்டும் தெரிந்தால் எதை வைத்து வேலை செய்யலாம் என்று தெரியும். தடுப்பானைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் தட்டையான இடத்தில் நிற்காதீர்கள். அங்கே சைட்டோகைன் தேவைக்கு மேல் இருக்கிறது, நல்ல தடுப்பானும் தோற்றதுபோலத் தெரியும். கீமோகைன் என்றால் வளைவு மணி வடிவில் வரும், உச்சத்துக்கு மேல் அதிகம் போட்டால் இடப்பெயர்ச்சி குறையும். அதைப் பிழை என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம்.

செல்லின் நிலை அளவை எப்படி மாற்றும் என்பதற்கு ஐஎல்-2 தெளிவான உதாரணம். ஓய்வில் இருக்கும் பெரும்பாலான டி செல்களில் ஐஎல்-2 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலி, அதாவது சிடி25, இல்லை. பீட்டாவும் காமாவும் மட்டும் சேர்ந்த ஏற்பி சுமார் ஒரு நானோமோலாரில்தான் ஐஎல்-2-ஐப் பிடிக்கும். செல்லைத் தூண்டிய பிறகு சிடி25 மேலே வரும், மூன்றும் சேர்ந்த ஏற்பி சுமார் 10 பிகோமோலாரிலேயே பிடித்துக்கொள்ளும். நூறு மடங்கு வித்தியாசம். ஐஎல்-2-இன் மூலக்கூறு எடை சுமார் 15.5 கிலோடால்டன், எனவே ஒரு நானோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 15.5 நானோகிராம், மேலே சொன்ன எண்ணின்படி சுமார் 250 ஐயூ. தூண்டிய செல்லுக்கு 2 அல்லது 3 ஐயூ-விலேயே ஏற்பி நிரம்பத் தொடங்கும். ஒழுங்காற்று டி செல்கள் சிடி25-ஐ எப்போதும் தாங்கியிருப்பவை. குறைந்த அளவு ஐஎல்-2 முதன்மையாக அவற்றைத் தூண்டுவது இதனால்தான். "டி செல்லுக்கு ஐஎல்-2 எவ்வளவு?" என்று கேட்டால், எந்த டி செல், எந்த நாளில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நேரமும் அப்படித்தான். எதை அளக்கிறீர்களோ அதைப் பொறுத்து மாறும். ஏற்பியின் செய்தியை செல்லுக்குள் கொண்டுபோகும் ஸ்டாட் புரதங்களில் பாஸ்பேட் ஏறுவதைப் பார்க்க 15 முதல் 30 நிமிடம்: இன்டர்ஃபெரான்-காமாவுக்கு ஸ்டாட்1, ஐஎல்-6-க்கு ஸ்டாட்3, ஐஎல்-2-க்கு ஸ்டாட்5. டிஎன்எஃப் போட்டால் ஐகேபி-ஆல்ஃபா என்ற தடுப்புப் புரதம் அதே 15, 30 நிமிடத்தில் மறையும், ஒரு மணி நேர அளவில் மீண்டும் தலைகாட்டும். ஒரு மணி நேரத்தில் மட்டும் பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். மரபணு வெளிப்பாட்டுக்குச் சில மணி நேரம், செல் பரப்பில் ஹெச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் ஏறுவதைப் பார்க்க ஒரு நாளோ இரண்டு நாளோ. மோனோசைட் என்ற ரத்த வெள்ளையணுவை ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-4 சேர்த்து டென்ட்ரிட்டிக் செல்லாக மாற்ற 5 முதல் 7 நாள். நாள் கணக்கில் வளர்க்கும்போது செல்கள் சைட்டோகைனை எடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை புதிதாகச் சேர்க்க வேண்டும்.

பாஸ்பேட் அளக்கும் சோதனைக்கு முன் சீரத்தைக் குறைத்துச் சில மணி நேரம் வைப்பது வழக்கம், சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. டிஜிஎஃப்-பீட்டாவோடு வேலை செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாட்டின் டிஜிஎஃப்-பீட்டா1-உம் மனிதனுடையதும் முதிர்ந்த வடிவில் ஒரே வரிசை. சீரத்தில் அது பெரும்பாலும் செயலற்ற வடிவில் இருந்தாலும், செல்கள் அதை விடுவிக்கக்கூடும்.

ஏழாம் படி: எண்டோடாக்சின்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நோயெதிர்ப்பு ஆய்வில் தவறான முடிவுகளை அதிகம் தந்த மாசு இதுதான் என்பது என் எண்ணம்.

எண்டோடாக்சின் அல்லது எல்பிஎஸ் என்பது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள். இ.கோலையை உடைத்துப் புரதத்தை எடுக்கும்போது அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். நம் மோனோசைட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும் டிஎல்ஆர்4 ஏற்பி மூலம் அதை உணரும், மில்லிலிட்டருக்குச் சில பத்து பிகோகிராம் போதும். உணர்ந்ததும் டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-1 எல்லாம் சுரக்கும். நீங்கள் சோதிக்கும் புரதமும் இதையே செய்யும் என்று எதிர்பார்த்தால், மாசு செய்த வேலையைப் புரதத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஹெச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதத்துக்கு நடந்தது இதுதான். ரீகாம்பினன்ட் ஹெச்எஸ்பி70 போட்டால் மோனோசைட்டுகள் டிஎன்எஃப் சுரக்கின்றன, எனவே அது சைட்டோகைன் போல வேலை செய்கிறது என்று 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டுரைகள் வந்தன. 2003-இல் எல்பிஎஸ் மிகக் குறைவாக இருக்கும்படி தூய்மை செய்த ஹெச்எஸ்பி70-ஐப் போட்டுப் பார்த்தபோது டிஎன்எஃப் வரவில்லை. முன்பு பார்த்த விளைவு மாசினால் வந்தது என்று தெரிந்தது.

அதில் ஒரு கூடுதல் பாடமும் இருக்கிறது. புரதத்தைக் கொதிக்க வைத்தால் அழியும், எல்பிஎஸ் வெப்பத்தைத் தாங்கும், எனவே கொதித்த பிறகு விளைவு மறைந்தால் அது புரதத்தின் வேலை என்பதுதான் வழக்கமான வாதம். உலர் வெப்பத்தில் கண்ணாடிப் பொருள்களிலிருந்து எண்டோடாக்சினை நீக்க 250 டிகிரியில் அரை மணி நேரம் வேண்டும், ஆட்டோகிளேவ் போதாது என்பதும் உண்மை. ஆனால் மிகக் குறைந்த செறிவில் கரைசலில் இருக்கும் எல்பிஎஸ் கொதித்தால் தன் வேலைத்திறனில் ஒரு பகுதியை இழக்கிறது. பழைய கட்டுரைகள் ஏமாந்த இடங்களில் இதுவும் ஒன்று. அதனால் கொதிக்க வைக்கும் சோதனை செய்யும்போது, அதே சிறிய செறிவில் எல்பிஎஸ் மட்டும் உள்ள கரைசலையும் பக்கத்தில் வைத்துக் கொதிக்க வையுங்கள். அது தாங்கினால்தான் உங்கள் வாதம் நிற்கும்.

டேட்டா ஷீட்டில் எண்டோடாக்சினை இயூ என்கிற அலகில் கொடுப்பார்கள். ஒரு இயூ சுமார் 100 பிகோகிராம் எல்பிஎஸ். "ஒரு மைக்ரோகிராமுக்கு ஒரு இயூ-வுக்குக் கீழ்" என்று இருக்கும் புரதத்தை மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் போட்டால், 0.1 இயூ, அதாவது 10 பிகோகிராம் எல்பிஎஸ் வரை கூடவே போகலாம். டி செல்லுக்கு அது பெரும்பாலும் பொருட்டில்லை. மோனோசைட்டுக்கு விளிம்பில் நிற்கும் அளவு. மோனோசைட்டோடு வேலை என்றால் ஒரு மைக்ரோகிராமுக்கு 0.1 இயூ-வுக்குக் கீழ் உள்ளதை வாங்குங்கள், முடிந்தால் பாலூட்டி செல்லில் தயாரித்ததை. பாலூட்டி செல்லில் தயாரித்தது என்பதாலேயே அது சுத்தம் என்றும் நம்பிவிடாதீர்கள், தூய்மை செய்யும் நீரிலிருந்தும் எண்டோடாக்சின் வரும். குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து வரும் எல்ஏஎல் சோதனையோ, அதன் மாற்றான ரீகாம்பினன்ட் ஃபேக்டர்-சி சோதனையோ இருந்தால், செல்லின் மேல் போடும் கடைசிக் கரைசலையே ஒரு முறை அளந்து பாருங்கள். பாலிமிக்சின்-பி எல்பிஎஸ்ஸைக் கட்டிப்போடும். அதைச் சேர்த்த பிறகும் விளைவு குறையாமல் இருந்தால் கொஞ்சம் நிம்மதி.

எட்டாம் படி: கன்ட்ரோல்கள்

சைட்டோகைன் இல்லாத குழியில் வெறும் மீடியத்தை விடுவது பொதுவான குறை. அந்தக் குழிக்கும் அதே கரைப்பான், அதே பிஎஸ்ஏ, அதே அளவில் போக வேண்டும். அமிலத்தில் கரைத்த புரதமென்றால் அந்த அமிலமும் போக வேண்டும்.

வலுவான சான்று வேண்டுமென்றால், சைட்டோகைனைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் நடுநிலையாக்கும் ஆன்டிபாடியைச் சேருங்கள். சைட்டோகைனோடு அதை 30 நிமிடம் முன்பே கலந்து வைத்து, பிறகு செல்லில் விடுங்கள், பக்கத்தில் அதே வகையைச் சேர்ந்த, ஆனால் அந்தச் சைட்டோகைனைப் பிடிக்காத ஐசோடைப் ஆன்டிபாடி. விளைவு முதலாவதில் மறைந்து இரண்டாவதில் நின்றால் அந்தப் புரதம்தான் செய்தது என்று தைரியமாக எழுதலாம். ஏற்பியைத் தடுக்கும் ஆன்டிபாடி, ஏற்பி இல்லாத செல் ஆகியவை இன்னும் பலம் சேர்க்கும்.

அளக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது, புதியவர்கள் அதில் விழுவது சகஜம். டிஎன்எஃப் போட்டுத் தூண்டிவிட்டு, மீடியத்தில் டிஎன்எஃப் எவ்வளவு சுரந்தது என்று எலைசா என்ற ஆன்டிபாடிச் சோதனையில் அளந்தால், நீங்கள் ஊற்றியதையே திரும்ப அளப்பீர்கள். எலைசாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆர்என்ஏ அளவைப் பாருங்கள், அல்லது செல்லுக்குள் சாயமேற்றி ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் முறை) பாருங்கள்.

விளைவே வரவில்லை என்றால்

முதலில் புரதத்தைச் சந்தேகிக்கத் தோன்றும். அதற்கு முன் செல்லில் ஏற்பி இருக்கிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பாருங்கள். பிறகு உயிரினம் பொருந்துகிறதா, கணக்கில் நானோகிராமும் மைக்ரோகிராமும் மாறிவிட்டதா, பார்த்த நேரம் சரியா. இவ்வளவும் சரியென்றால், அந்தப் புரதத்தையே நம்பி வாழும் ஒரு செல் வரிசையில் அதே அலிக்வாட்டைப் போட்டுப் பாருங்கள். ஜிஎம்-சிஎஸ்எஃப் என்றால் டிஎஃப்-1. இரண்டு மூன்று நாளில் பதில் தெரிந்துவிடும்: செல்கள் பெருகினால் புரதம் நலம், உங்கள் சோதனையில்தான் கோளாறு. சாகத் தொடங்கினால் அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிய அலிக்வாட் எடுங்கள், அதுவும் இப்படியே என்றால் புதிய குப்பி.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. குப்பியின் மேல் "ஆய்வுக்கு மட்டும்" என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புரதங்கள் மிகச் சிறிய அளவிலேயே உடலில் வேலை செய்பவை, ஊசி முனையோடு கையாள நேர்ந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மனித ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் என்றால் உயிரியல் பாதுகாப்பு இரண்டாம் நிலை விதிகள்.

ஒரு லாட் தீர்ந்து அடுத்தது வரும்போது, பழையதில் இரண்டு அலிக்வாட் மிச்சம் இருக்கும்படி திட்டமிடுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே தட்டில், ஒரே செல்லில், முழு வளைவாகப் போட்டு ஒப்பிடுங்கள். பாதி விளைவு வரும் செறிவு இரண்டிலும் மூன்று மடங்குக்கு மேல் விலகினால், நானோகிராமை அப்படியே வைத்துக்கொள்ளாமல் புதிய லாட்டுக்கு அளவைத் திருத்திக்கொள்ளுங்கள், திருத்தியதை நோட்டில் லாட் எண்ணோடு எழுதுங்கள்.